வீட்டுக் கடனைச் சீக்கிரம் அடைப்பதா, கையில் காசு வைத்திருப்பதா: சுங்கை சிப்புட் குடும்பக் கணக்கு

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் நாலு பேர் கூடும் இடத்தில் வீட்டுக் கடன் பேச்சு வந்தால், முதலில் வரும் கேள்வி "இன்னும் எத்தனை வருஷம் கட்டணும்?" என்பதுதான். வட்டி எத்தனை விழுக்காடு என்று யாரும் கேட்பதில்லை. அதற்குக் காரணம் உண்டு. எங்கள் பெற்றோர் தலைமுறை தோட்டத்து லயத்தில் வாடகை இல்லாமல் வாழ்ந்தது. வேலை முடிந்ததும் அந்த வீட்டைக் காலி செய்து கொடுத்துவிட்டு வெளியே வந்தது. 55 வயதில் சேமநிதிப் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடியிருக்க இடம் தேடிய குடும்பங்கள் பேராக் தோட்டங்களில் ஏராளம். அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள்தான் இன்று தாமான் வீடுகளில் வங்கிக் கடன் கட்டுகிறார்கள். கடன் இல்லாத சொந்த வீடு என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தக் கணக்கை நிதானமாகப் போட வேண்டும் என்கிறேன்.

ஒரு குடும்பத்துக்கு மாதம் 200 வெள்ளி (ரிங்கிட்) மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதை வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டலாம். ஊழியர் சேமநிதியில் நாமாகவே போடலாம். அவசரத்துக்கென்று தனிக் கணக்கில் சேர்க்கலாம். கடன் வகை இடம் கொடுத்தால், கடன் கணக்கிலேயே நிறுத்திவைத்து வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சம்பளம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும் வீட்டில், வட்டி அதிகம் மிச்சமாகும் வழியை விட, போட்ட பணம் தேவைப்பட்டால் திரும்பக் கைக்கு வரும் வழிதான் முதலில் வர வேண்டும். கடனைச் சீக்கிரம் அடைப்பது நல்லதுதான். ஆனால் அதற்கென்று ஒரு வரிசை இருக்கிறது.

மிஞ்சுவது எவ்வளவு?

நான் எடுத்துக்கொள்ளும் குடும்பம் இப்படி: கணவர் செம்பனை ஆலையில் ஷிப்ட் வேலை, மனைவி ஈப்போ பக்கம் தொழிற்சாலையில் ஆப்பரேட்டர், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள். சேமநிதி, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) பிடித்தது போக, ஓவர்டைம் இருக்கும் மாதத்தில் இருவர் சம்பளமும் சேர்ந்து 4,700 வெள்ளி. காய் வரத்து குறைந்து ஓவர்டைம் நின்றுபோகும் மாதத்தில் 4,000. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 வெள்ளியானது அடிமட்டத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டது உண்மைதான். ஆனாலும் இப்படிப்பட்ட வீடுகளில் மூச்சுவிட இடம் கொடுப்பது ஓவர்டைம்தான்.

இனி செலவு. வீட்டுத் தவணை 880, காடித் தவணை 520. மளிகை, மீன், காய்கறி, கேஸ் எல்லாம் சேர்த்து 1,000. பெட்ரோலுக்கு 400, கரண்டு, தண்ணீர், போன், இணையத்துக்கு 350, பிள்ளைகளின் பஸ்ஸுக்கும் டியூஷனுக்கும் 350, காப்புறுதிக்கு 200, வயதான பெற்றோருக்கு 200. இதோடு நிறுத்தினால் 3,900 ஆகிறது. ஓவர்டைம் மாதத்தில் 800 வெள்ளி மிச்சம் என்று தோன்றும். பலர் இந்த இடத்தில்தான் உற்சாகமாகி, மாதம் 500 கூடுதலாகக் கட்டுவேன் என்று முடிவெடுக்கிறார்கள்.

விட்டுப்போனவை ஆண்டுச் செலவுகள். காடிக்கு ரோட் டாக்ஸும் இன்சூரன்ஸும் 850, இரண்டு மோட்டாருக்கு 450, கவுன்சிலுக்குக் கட்டும் வீட்டு வரி இரண்டு அரையாண்டும் சேர்த்து 240, நிலவரி 60, பள்ளி திறக்கும்போது சீருடை, சப்பாத்து, புத்தகப் பை என்று 800, தீபாவளிக்கு 1,500. கூட்டினால் 3,900. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 325 வெள்ளி. இவை எதிர்பாராமல் வரும் செலவுகள் இல்லை. தீபாவளி எந்த மாதம் வரும் என்று நாட்காட்டியிலேயே போட்டிருக்கிறது. ஆனாலும் அந்த மாதம் வரும்போது கிரெடிட் கார்டைத் தேய்க்கும் வீடுகளை எனக்குத் தெரியும்.

325ஐயும் சேர்த்தால் மாதச் செலவு 4,225. ஓவர்டைம் மாதத்தில் 475 மிஞ்சும், இல்லாத மாதத்தில் 225 குறையும். வருடத்தில் எட்டு மாதம் ஓவர்டைம், நாலு மாதம் இல்லை என்றால், மிஞ்சுவது 3,800, குறைவது 900. ஆண்டு முழுவதற்கும் உண்மையான மிச்சம் 2,900 வெள்ளி, அதாவது மாதம் சுமார் 240. இந்தக் குடும்பத்தால் தைரியமாக ஒதுக்கக்கூடியது 200 வெள்ளிதான். ஓவர்டைம் மாதச் சம்பளத்தைப் பார்த்து 500க்கு வங்கியில் நிரந்தர உத்தரவு போட்டுவிட்டால், காய் வரத்து குறையும் மாதத்தில் அரிசிக்கும் பெட்ரோலுக்கும் கடன் வாங்க நேரும்.

வேறு கடன் இருந்தால் இந்தப் பேச்சே வேண்டாம். கிரெடிட் கார்டில் நிலுவை இருந்தால் வட்டி ஆண்டுக்கு 15 முதல் 18 விழுக்காடு. உரிமம் பெற்ற அடகுக் கடையில் நகை இருந்தால் சட்டப்படி மாதத்துக்கு 2 விழுக்காடு வரை வட்டி வாங்கலாம், வருடத்துக்கு அது 24 ஆகிறது. வீட்டுக் கடன் வட்டி இன்று நாலைச் சுற்றி இருக்கிறது. நாலு விழுக்காட்டுக் கடனை வேகமாக அடைத்துக்கொண்டு, 18க்கும் 24க்கும் உள்ளதை இழுத்துக்கொண்டிருப்பது வீட்டுக்கு நஷ்டம். முதல் 200 வெள்ளி அங்கேதான் போக வேண்டும். மூன்று நாலு கடனைச் சமாளிக்க முடியாதவர்கள், 2006ல் மத்திய வங்கியான பேங்க் நெகாரா அமைத்த ஏ.கே.பி.கே. என்ற கடன் ஆலோசனை நிறுவனத்துக்குப் போகலாம். ஆலோசனைக்கு அங்கே காசு வாங்குவதில்லை. வங்கிகளோடு பேசித் தவணையைச் சீரமைத்தும் கொடுப்பார்கள்.

கடனில் கூடுதலாகக் கட்டினால்

நம் குடும்பம் ஐந்து ஆண்டுக்கு முன் 1,80,000 வெள்ளி கடன் வாங்கியது, வட்டி 4.2 விழுக்காடு, காலம் 30 ஆண்டு என்று கொள்வோம். தவணை 880. ஐந்து ஆண்டில் கட்டியது ஏறத்தாழ 52,800. அசலில் குறைந்திருப்பதோ 16,700 மட்டும்தான், மீதி 1,63,300 நிற்கிறது. முதல் வருடங்களில் தவணையில் பெரும்பகுதி வட்டிக்கே போய்விடும். இதைப் பார்த்து வங்கி ஏமாற்றுகிறது என்று சொல்பவர்கள் உண்டு. அப்படி இல்லை, பெரிய அசலுக்கு வட்டியும் பெரிதாகத்தான் இருக்கும். இன்று 880 கட்டினால் சுமார் 571 வட்டி, 309தான் அசலுக்கு.

இதே வேகத்தில் போனால் இன்னும் 25 ஆண்டு, அதில் கட்டவேண்டிய வட்டி மட்டும் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். மாதம் 200 கூடுதலாகக் கட்டி 1,080 ஆக்கினால் கடன் சுமார் 18 ஆண்டில் முடிந்துவிடும். ஏழு ஆண்டு குறைகிறது, வட்டியில் 31,000 வெள்ளி மிச்சம். அந்த 200 வெள்ளிக்கு இது நல்ல பலன், அதுவும் சந்தேகத்துக்கு இடமில்லாத பலன். சந்தை ஏறினாலும் இறங்கினாலும் கட்டிய அசலுக்கு இனி வட்டி கிடையாது.

ஆனால் எல்லாக் கடனும் கூடுதல் பணத்தை ஒரே மாதிரி ஏற்றுக்கொள்வதில்லை. எங்கள் தாமானில் ஒரு அக்கா, கணவரின் போனஸ் 3,000 வெள்ளியை வங்கிக் கவுண்டரில் கட்டிவிட்டு, வருடக் கடைசியில் வந்த ஸ்டேட்மெண்டை என்னிடம் கொண்டுவந்தார். "தம்பி, இவ்வளவு கட்டியும் அசல் அப்படியே நிக்குதே, பாரு" என்றார். விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தோம். 3,000 வரவாகியிருந்தது. ஆனால் அடுத்தடுத்த மாதங்களில் அசல் பத்தியில் குறைந்தது வழக்கமான முந்நூற்றுச் சில்லறைதான். வங்கி அந்தப் பணத்தை வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக ஒதுக்கியிருந்தது. அசலில் கழிக்கவில்லை. "அசலைக் குறைக்கத்தான்னு சொன்னீங்களா அக்கா?" என்றேன். "கவுண்டர்ல கேக்கலையே, நானும் சொல்லலை" என்றார். பிறகு எழுத்தில் கடிதம் கொடுத்து மாற்றிக்கொண்டார்.

பழைய பாணி டெர்ம் லோன்களில் இப்படி நடக்கும். கட்டும்போதே "இது அசலைக் குறைப்பதற்கான தொகை" என்று எழுத்தில் கொடுத்து, முத்திரையிட்ட நகலை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். அசல் குறைந்தபின் தவணையைக் குறைப்பார்களா, தவணையை அப்படியே வைத்துக் காலத்தைக் குறைப்பார்களா என்றும் கேளுங்கள். வட்டி அதிகம் மிச்சமாவது காலத்தைக் குறைத்தால்தான்.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. அசலில் கழித்துவிட்ட பணம் அடுத்த மாதத் தவணைக்கு உதவாது. போன வருடம் 10,000 வெள்ளி கூடுதலாகக் கட்டியிருந்தாலும், இந்த மாதம் 880 வரவில்லையென்றால் வங்கி அதை நிலுவை என்றுதான் எழுதும். மூன்று மாதம் தொடர்ந்தால் கடிதம் வரும், அதற்கப்புறம் வழக்கறிஞர், கடைசியில் லெலோங், அதாவது வீடு ஏலம். கடனை வேகமாக அடைத்துக்கொண்டே வந்த குடும்பம், கையில் காசில்லாமல் இப்படி நிற்பதுதான் எனக்கு மிகவும் கவலையளிக்கும் நிலை. 2020 ஏப்ரலில் வங்கிகள் ஆறு மாதத் தவணை ஒத்திவைப்பைக் கொடுத்தபோது தப்பித்த வீடுகள் பல. ஆனால் அது தொற்றுக் காலத்துக்கான ஏற்பாடு. ஆலையில் ஷிப்ட் குறைந்தாலோ, ஒருவர் மோட்டாரில் விழுந்து கை முறிந்தாலோ அப்படி எந்த ஒத்திவைப்பும் தானாக வராது.

ஆகவே ஒரு மாதக் கட்டாயச் செலவையாவது முதலில் சேர்க்க வேண்டும். நம் குடும்பத்துக்கு இரண்டு தவணை, சாப்பாடு, பெட்ரோல், கரண்டு தண்ணீர் சேர்த்து 3,150. மாதம் 240 என்றால் அதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். போனஸோ அரசின் எஸ்.டி.ஆர். உதவித் தொகையோ வந்தால் அதைச் சேர்த்துச் சுருக்கலாம். அதன்பின் 200ஐ இரண்டாகப் பிரித்து, 100 கடனுக்கு, 100 சேமிப்புக்கு என்று மூன்று மாதச் செலவு, அதாவது 9,450 சேரும்வரை போகலாம். மெதுவான வழிதான். ஆனால் நடுவில் முறியாத வழி.

ஃப்ளெக்ஸி கடன்

வட்டியைக் குறைப்பது, அவசரத்துக்குக் காசு வைத்திருப்பது ஆகிய இரண்டையும் ஒரே பணத்தில் செய்ய முடிவது ஃப்ளெக்ஸி கடனில்தான். ஃபுல் ஃப்ளெக்ஸியில் வீட்டுக் கடனோடு ஒரு நடப்புக் கணக்கு இணைந்திருக்கும். அதில் எவ்வளவு பணம் நிற்கிறதோ அந்த அளவு அசலைக் கழித்துத்தான் நாள்தோறும் வட்டி கணக்கிடுவார்கள். பணமோ நம்முடையதாகவே இருக்கும், வேண்டிய நாளில் எடுக்கலாம். வழக்கமாக மாதம் 5 அல்லது 10 வெள்ளி கட்டணம் உண்டு. நம் குடும்பத்தின் அவசரப் பணம் 9,450ஐ அங்கே வைத்தால் ஆண்டுக்குச் சுமார் 397 வெள்ளி வட்டி மிச்சம். கட்டணம் 120 போனாலும் 277 நிற்கிறது. அதே பணம் சாதாரணச் சேமிப்புக் கணக்கில் தூங்கினால் கிடைப்பது மிகக் கொஞ்சம். தீபாவளிக்கும் ரோட் டாக்ஸுக்கும் மாதாமாதம் ஒதுக்கும் 325ஐக்கூட அங்கேயே வைக்கலாம்.

செமி ஃப்ளெக்ஸியில் கூடுதலாகக் கட்டியது அசலைக் குறைக்கும். திரும்ப எடுக்க விண்ணப்பம் கொடுக்க வேண்டும், சில வங்கிகள் ஒவ்வொரு முறைக்கும் கட்டணம் வாங்கும், சில நாள் ஆகலாம். மாதம் தவறாமல் கைவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தச் சின்னத் தடங்கல் நல்லதுதான். சேமித்த பணம் கண்ணெதிரே இருந்தால் புது போன், பெரிய டிவி என்று மனம் போகும். உங்கள் வீட்டில் அந்தச் சபலம் இருக்கிறதா என்பதை நீங்களும் துணைவரும் உட்கார்ந்து ஒளிவுமறைவு இல்லாமல் பேசிக்கொள்ளுங்கள். கட்டுப்பாடு உள்ள வீட்டுக்கு ஃபுல் ஃப்ளெக்ஸி, இல்லாத வீட்டுக்கு செமி ஃப்ளெக்ஸி என்பேன்.

உங்கள் கடன் எந்த வகை என்று ஆஃபர் லெட்டரில் இருக்கும். டெர்ம் லோனாக இருந்தால் அதற்காகவே வேறு வங்கிக்கு மாற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. புதுக் கடன் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை மட்டும் கடன் தொகையில் அரை விழுக்காடு, 1,63,000க்கு 800 வெள்ளிக்கு மேல். வழக்கறிஞர் கட்டணமும் வீட்டு மதிப்பீட்டுக் கட்டணமும் தனி. வட்டியில் கணிசமான வித்தியாசம் கிடைத்தால் மட்டும் யோசிக்கலாம்.

செலவில்லாமல் கிடைக்கும் வாய்ப்பு ஒன்று உண்டு. பேங்க் நெகாரா 2025 ஜூலை 9ல் ஓ.பி.ஆர். எனப்படும் அடிப்படை வட்டி விகிதத்தை 3 விழுக்காட்டிலிருந்து 2.75க்குக் குறைத்தது. மிதக்கும் வட்டிக் கடன்களில் வட்டியும் கால் விழுக்காடு இறங்கியது. நம் உதாரணக் கடனில் கால் விழுக்காடு இறங்கினால் தவணை 880லிருந்து சுமார் 860 ஆகும். அந்த 20 வெள்ளியைச் செலவில் கரைக்காமல் பழைய தவணையையே தொடர்ந்து கட்டுங்கள். ஏற்கெனவே பழகிய தொகை, வீட்டுச் செலவு பாதிக்காது. விகிதம் 1.75 ஆக இருந்த 2020லிருந்து 2023 மே மாதம் 3 ஆனதுவரை தவணை எப்படி ஏறியது என்பது பலருக்கு நினைவிருக்கும். மறுபடி ஏறினால் அன்றைக்கு இந்தப் பழக்கம் கைகொடுக்கும்.

சேமநிதியில் போடுவது

படித்த பிள்ளைகள் சொல்வது இது: கடனுக்கு வட்டி 4.2, சேமநிதி ஈவுத்தொகை 2023ல் 5.50, 2024ல் 6.30 விழுக்காடு. அதனால் கடனை அடைக்காதே, சேமநிதியில் போடு. வாதம் சரிதான். எவ்வளவு சரி என்று பார்ப்போம். ஈவுத்தொகை எப்போதும் ஆறாக இருக்கும் என்று எண்ணாமல் சராசரி 5 என்றே வைப்போம். மாதம் 200 வீதம் 18 ஆண்டு போட்டால் சுமார் 69,000 சேரும். அதே நாளில் வீட்டுக் கடனில் ஏறத்தாழ 64,000 மிச்சம் இருக்கும், ஏனென்றால் அங்கே வழக்கமான 880 மட்டுமே கட்டியிருப்போம். வித்தியாசம் 5,000 வெள்ளி. பதினெட்டு ஆண்டு பொறுத்ததற்கு இவ்வளவுதான். ஈவுத்தொகை நன்றாக இருந்தால் கூடும், கடன் வட்டி ஏறினால் குறையும்.

பணம் எங்கே போய் உட்காருகிறது என்பதையும் கவனிக்க வேண்டும். 2024 மே 11 முதல், 55 வயதுக்குக் கீழ் உள்ளவர் சேமநிதியில் போடும் பணம் மூன்றாகப் பிரிகிறது. 200 வெள்ளியில் 150 ஓய்வுக்காலக் கணக்குக்கு, 30 செஜாத்ரா கணக்குக்கு, 20 ஃப்ளெக்ஸிபல் கணக்குக்கு. நினைத்த நேரம் எடுக்க முடிவது அந்த 20 மட்டும்தான். ஆகவே அவசரப் பணம் சேராத வீட்டுக்கு இது இரண்டாவது படி. அவசரப் பணம் சேர்ந்த வீட்டுக்கு, குறிப்பாகச் சேமநிதியில் கொஞ்சமே இருக்கும் நாற்பது வயதுக்காரருக்கு, கடனை அடைப்பதை விட இது மேல் என்று நினைக்கிறேன். வீடு மட்டும் இருந்து முதுமையில் கைச்செலவுக்குப் பிள்ளையை எதிர்பார்ப்பது சுலபமான வாழ்க்கை இல்லை. இதோடு நோமினி பெயர் பதிவாகியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டு அப்படியே விட்டவர்கள் நிறைய.

சேமநிதியிலிருந்து எடுத்து வீட்டுக் கடனைக் குறைக்கவும் வழி இருக்கிறது, செஜாத்ரா கணக்கிலிருந்து ஆண்டுக்கு ஒருமுறை. ஐந்தரை, ஆறு விழுக்காடு தரும் இடத்திலிருந்து எடுத்து நாலு விழுக்காட்டுக் கடனில் போடுவதை இளையவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். தவணை கட்டவே முடியாமல் வீடு கைவிட்டுப் போகும் நிலை வந்தால் அது வேறு. அப்போது தயங்காமல் எடுக்க வேண்டும்.

நகை, கூட்டு (சீட்டு) பற்றியும் கேட்பார்கள். நகை நல்ல சேமிப்பு, ஆனால் கூலியும் சேதாரமும் வாங்கும் நாளிலேயே போய்விடும். கூட்டு பிடிப்பது பக்கத்து வீட்டு நம்பிக்கையில் நடக்கிறது. கூட்டு நிதியைத் தொழிலாக நடத்துவதைத் தடுக்க 1971லேயே நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. பிடிப்பவர் ஓடிவிட்டால் பணம் திரும்பாது. வங்கி வைப்புக்கோ ஒரு வங்கிக்கு 2,50,000 வெள்ளி வரை பி.ஐ.டி.எம். வைப்புக் காப்புறுதிப் பாதுகாப்பு உண்டு. கூட்டுக்கு அப்படி எதுவும் இல்லை.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு

வயது ஏற ஏற என் பதில் மாறும். குறைந்தபட்ச ஓய்வு வயது 2013 ஜூலை முதல் 60 ஆக இருந்தாலும், ஆலையிலும் தோட்டத்திலும் உடம்பு அதுவரை தாங்குமா என்பது வேறு விஷயம். 56 வயதில் 35,000 வெள்ளி கடன் மிச்சம், சேமநிதியில் 1,20,000 இருக்கிறது என்றால், கடனை முடித்துவிடுங்கள் என்பேன். சம்பளம் நின்றபின் மாதம் 880 தேடுவது பெரும் பாரம். ஈவுத்தொகையில் இழக்கும் ஒன்றரை இரண்டு விழுக்காட்டை விட இராத்தூக்கம் பெரிது. ஆனால் சேமநிதியில் 40,000தான் இருக்கிறது என்றால் முழுவதையும் கொட்டிக் கடனை அடைத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கக் கூடாது. சாப்பாட்டுக்கும் மருந்துக்கும் இரண்டு ஆண்டுச் செலவை விட்டுவிட்டு, மீதியைக் கட்டி, தவணையைக் குறைத்துக் கொடுக்கும்படி வங்கியிடம் கேட்பது மேல். இங்கே காலத்தைக் குறைப்பதை விடத் தவணையைக் குறைப்பதுதான் உதவும். அரசு ஊழியர்களுக்கு, தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள் உட்பட, அரசின் வீட்டுக் கடன் வாரியமான எல்.பி.பி.எஸ்.ஏ. தரும் கடன் 4 விழுக்காடு நிலையான வட்டியில் சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. ஓய்வூதியம் இருப்பதால் அவர்களுக்கு அவசரம் குறைவு.

முழுவதையும் முடிக்கும் முன் ஆஃபர் லெட்டரில் லாக்-இன் காலம் பாருங்கள். வழக்கமாக மூன்று முதல் ஐந்து ஆண்டு, அதற்குள் முடித்தால் இரண்டு மூன்று விழுக்காடு அபராதம் விழலாம். வங்கிக்கு முன்கூட்டி எழுத்தில் அறிவித்து, எந்தத் தேதியில் எவ்வளவு கட்டினால் கணக்கு முடியும் என்ற கடிதத்தை வாங்குங்கள். இஸ்லாமிய முறைக் கடனாக இருந்தால் இப்ரா எனப்படும் கழிவு அந்தக் கணக்கில் சேர்ந்திருக்க வேண்டும். கடனோடு எடுத்த எம்.ஆர்.டி.ஏ. காப்புறுதியில் மீதிக் காலத்துக்குப் பணம் திரும்பக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கடைசித் தவணை கட்டியதோடு வேலை முடிவதில்லை. கிரானில் (நில உரிமைப் பத்திரத்தில்) வங்கியின் பெயரில் உள்ள அடமானத்தை நீக்க 16என் பாரத்தை நில அலுவலகத்தில் பதிய வேண்டும், அதற்கு வழக்கறிஞர் செலவு உண்டு. தனிக் கிரான் இன்னும் வராத வீடுகளுக்குப் பத்திரம் வேறு மாதிரி. இதைச் செய்யாமல் விட்டு, அப்பா இறந்தபின் பிள்ளைகள் அலைவதைப் பார்க்கிறோம்.

பிள்ளை பெயரில் உள்ள கடன்

வங்கிகள் வீட்டுக் கடனைப் பொதுவாக 70 வயதோடு முடியும்படிதான் கொடுக்கின்றன. அதனால் தோட்டத்திலிருந்து வந்த அப்பாவுக்கு நீண்ட காலக் கடன் கிடைக்காமல், கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வேலை செய்யும் மகன் பெயரில் வாங்கிய வீடுகள் எங்கள் பக்கம் நிறைய. அப்பா அம்மா குடியிருக்கிறார்கள், மகன் தவணை கட்டுகிறார். சில வருடம் கழித்து மகனுக்குக் கல்யாணம், அவருக்கும் ஒரு வீடு வேண்டும்.

இந்த வீடுகளுக்கு மேலே சொன்ன கணக்கு மட்டும் போதாது. புதுக் கடன் கொடுக்கும் வங்கி, மகனின் சம்பளத்திலிருந்து இந்த 880 தவணையையும் கழித்துத்தான் பார்க்கும். நாட்டில் முதல் இரண்டு வீட்டுக் கடன்களுக்கு 90 விழுக்காடு வரை கிடைக்கும், நிலுவையில் இரண்டு கடன் இருந்து மூன்றாவது கேட்டால் 70தான். பழைய கடன் முடிந்திருந்தால் அந்த இடம் காலியாகும், மாதச் சுமையும் இறங்கும். இங்கே சீக்கிரம் அடைப்பதற்கு, வட்டி மிச்சத்தை விடப் பெரிய காரணம் இருக்கிறது. மகன் இரண்டு மூன்று ஆண்டில் வீடு வாங்கப் போகிறார், கடனில் 30,000 மாதிரிதான் மிச்சம் என்றால், குடும்பம் முழுவதும் சேர்ந்து அதை முடிப்பது நல்லது. ஒரு லட்சத்துக்கு மேல் நின்றால் அதில் பணத்தைக் கரைக்காமல், மகனின் புது வீட்டு முன்பணத்துக்குச் சேர்ப்பதே பொருத்தம்.

ஆனால் கடனை அடைத்தாலும் முதல் வீடு வாங்குவோருக்கான முத்திரைத் தீர்வைச் சலுகை மகனுக்குத் திரும்பக் கிடைக்காது, அவர் பெயரில் ஏற்கெனவே வீடு இருப்பதால். இதைப் பல பெற்றோர் வாங்கும்போது யோசிப்பதில்லை. தங்கைக்கும் தம்பிக்கும் அந்த வீட்டில் பங்கு உண்டா, தவணை கட்டிய மகனுக்கு என்ன என்பதையும் கூடுதலாகக் கட்டத் தொடங்கும் முன்பே பேசிவிட வேண்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதி, எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள். அண்ணன் தம்பிக்குள் எதற்குக் கையெழுத்து என்று பெரியவர்கள் சங்கடப்படுவார்கள். சங்கடப்பட்டாலும் எழுதிவிடுங்கள்.